ஒரு வீட்டின் இரண்டு மன்றாட்டுகள்

எங்கள் பக்கத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் செபம் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒப்பரேஷனுக்குப் போகிறவர்கள், கட்டாருக்கு வேலைக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், புது ஆட்டோ வாங்கியவர்கள் என்று ஆள் பாக்கியில்லை. கெலிஓயாவில் எங்கள் லேனிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதத்துக்கு ஒரு வீட்டில் கூடிச் செபிப்போம். அதை அன்பியம் என்போம். கடைசியில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, “டீச்சர், நீங்க சொல்லுங்க” என்பார்கள். நான் சொல்லுவேன். தமிழும் சமயமும் படிப்பிக்கிறவளுக்கு வார்த்தைக்கா பஞ்சம்? இரக்கத்தின் ஊற்றே என்று தொடங்கினால், வீட்டுக்காரர் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும் வரை சொல்லுவேன்.

என் கணவருக்கு இதில் ஒரு கேலி. “ஒன் செபம் கலஹா பஸ் மாதிரி. எல்லா ஹோல்ட்டிலயும் நின்னு ஆள ஏத்திக்கிட்டுத்தான் போகும்” என்பார். அவர் பிறந்தது கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். நானும் அந்தப் பக்கம்தான். அவர் தபால் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய பக்தி அளவானது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவார், கடைசி வாங்கில் உட்காருவார். பின்னேரம் ஏழு மணிக்கு வீட்டில் இரண்டு பேரும் செபமாலை சொல்லும்போது பாதியில் தூங்கிவிடுவார். முழங்கையால் இடித்தால், “முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், கண்ணுதான் தூங்குது” என்பார். முப்பத்தொரு வருஷமாகக் கடவுளிடம் பேசுகிற வேலையை அவர் எனக்கே விட்டிருந்தார். நானும் அதை ஒரு பெருமையாகத்தான் வைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போகச் சேலை கட்டிக்கொண்டிருந்தேன். குசினியில் கோப்பை விழுந்து உடையும் சத்தம் கேட்டது. “காலங்காத்தாலயே ஒன்ன ஒடைச்சாச்சா?” என்று ஏசிக்கொண்டே போனேன். அவர் அலுமாரியோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிப் பக்கத்தில் கிடந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. அந்த நேரத்திலும் ஏசிக்கொண்டு போனேனே என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தாதான் ஆட்டோ பிடித்து வந்தார். எங்கள் ஊர் முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். இருபது வருஷமாகப் பக்கத்து வீடு. நானும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என் சேலை முந்தானையைத் தானே செருகிவிட்டு, என்னை ஆட்டோவுக்குள் தள்ளி, கணவரின் தலையை என் மடியில் வைத்துவிட்டு முன்னால் டிரைவரோடு ஒண்டி உட்கார்ந்துகொண்டார். கண்டி ஆஸ்பத்திரி வரை ரோட்டைப் பார்த்தபடி உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

பாரிசவாதம் என்றார்கள். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டது. நான்கு நாள் வார்டில் இருந்தார். பிறகு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. மூச்சு விடக் கஷ்டப்பட்டதால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிக் குழாய் போட்டார்கள். சின்ன வயசு டொக்டர் ஒருத்தி என்னை ஓரமாக நிறுத்தி, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள். மருந்து கொடுக்கிறோம், உடம்பு அதை ஏற்றுக்கொள்ளுமா என்று சில நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும், யாருக்காவது அறிவிக்க இருந்தால் அறிவித்துவிடுங்கள் என்றாள். எங்களுக்கு ஒரே மகள். அவள் கனடாவில், நிறைமாதத்தில், விமானத்தில் ஏற முடியாத நிலையில் இருந்தாள். போனில் அவள், “அம்மா, நீங்க செபம் பண்ணுங்க, ஒங்க செபத்த ஆண்டவர் கேப்பார்” என்று அழுதாள். சரி மகள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஆனால் எனக்குச் செபம் வரவில்லை. இதை அந்த நாட்களில் யாரிடமும் சொல்லவில்லை. முழந்தாளில் நின்றால் வார்த்தை வரும். இரக்கத்தின் ஊற்றே வரும், ஆறுதலின் தேவனே வரும், எல்லாம் வரிசையாக வரும். நானே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன், வேறு யார் வீட்டுக்காகவோ சொல்கிற மாதிரி. அவருக்கு என்ன ஆகுமோ என்கிற பயம் ஒரு பக்கம், இந்த வார்த்தைகள் இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஊருக்கு உபதேசம் என்பார்களே, அந்தக் கதைதான். அன்பியத்து ஆட்கள் வீட்டுக்கு வந்து வட்டமாக உட்கார்ந்து என்னையே செபம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

தாத்தா தினமும் சோற்றுப் பார்சல் கொண்டு வருவார். ஒருநாள் நான் திறக்காமல் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “என்ன டீச்சர், நோன்பா?” என்றார். அவரிடம் மட்டும் வாய் தவறிச் சொன்னேன், கேட்க முடியவில்லை தாத்தா, வாய்தான் ஓடுது என்று. அவர் யோசிக்கவே இல்லை. “ஏலாட்டி வுடுங்க. நான் அஞ்சு நேரமும் துஆ கேக்கிறேன்தானே. நீங்க சாப்பிடுங்க” என்று பார்சலைப் பிரித்து என் முன்னால் தள்ளினார். அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் எங்கள் பங்குக் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். ஞாயிறு தமிழ்ப் பூசையை அவருடைய சுகத்துக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நான்தான் கேட்க முடியாமல் இருக்கிறேன், கோயிலே எனக்காகக் கேட்கட்டும் என்றுதான். அதற்கு எங்கள் கோயிலில் ஒரு கவர் இருக்கிறது. கவரின் மேல் மூன்று வரி அச்சடித்திருக்கும்: நன்றிக்காக, சுகத்துக்காக, மரித்தவர்களுக்காக. வேண்டிய வரிக்கு முன்னால் ஒரு சரி போட்டு, கீழே பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பூசை தொடங்கும்போது ஃபாதர் அந்தப் பெயர்களை வாசிப்பார். அலுவலகத்தில் இருக்கும் அண்ணன் போனில் பேசிக்கொண்டே கவரை நீட்டினார். நின்றபடி எழுதிக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசைக்குப் போய் மூன்றாவது வாங்கில் உட்கார்ந்தேன். கோயில் நிறைந்த சனம். போனைச் சத்தமில்லாமல் வைத்துக் கைப்பைக்குள் போட்டேன். ஃபாதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். நன்றிக்காக இரண்டு குடும்பம். சுகத்துக்காக ஆறேழு பேர். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், அவர் பெயர் வரவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு கவரைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரியாதா இந்த ஆட்களுக்கு என்று மனதுக்குள் அலுவலக அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் ஃபாதர், “மரித்த விசுவாசிகளின் நித்திய இளைப்பாற்றிக்காக” என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். ஒரு பெயர், இரண்டு பெயர். மூன்றாவதாக என் கணவரின் முழுப்பெயர், கெலிஓயா.

எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். முன் வாங்கில் இரண்டு தலை திரும்பியது. இது பிழை என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அதைத்தான் இன்றைக்கும் யோசித்து நடுங்குகிறேன். எனக்குத் தோன்றியது வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து விடியற்காலையில் கோயிலுக்குச் சொல்லியிருக்கிறார்கள், என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஃபாதர் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஃபாதர் அடுத்த இரண்டு பெயரை வாசித்து முடிக்கும் வரை நான் விதவையாக இருந்தேன். கைப்பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்துப் பார்த்தேன். யாரும் அழைத்திருக்கவில்லை. அதன்பிறகு என்ன செய்கிறேன் என்று தெரியாமலே எழுந்து நின்றேன்.

“பாதர், அவர் உயிரோட இருக்கார்” என்றேன்.

கத்தவில்லை. வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கிற என் சாதாரணக் குரலில்தான் சொன்னேன். ஃபாதர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். “மன்னிக்கணும் டீச்சர்” என்று சொல்லி, தாளை மடித்து வைத்துவிட்டு, “நம் சகோதரனுடைய சுகத்துக்காக இந்தப் பூசையை ஒப்புக்கொடுப்போம்” என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் உட்காரப் போனேன். அப்போதுதான் உறைத்தது, அவர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நேற்றுப் பின்னேரம் ஆறு மணிக்குப் பார்த்ததுதானே? உட்காரவில்லை. நடுவழியால் நடந்து வெளியே வந்து, கிடைத்த ஆட்டோவில் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

அந்த ஆட்டோவுக்குள்தான் நான் செபித்தேன். அதைச் செபம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வாய்விட்டுப் பேசினேன். தோட்டத்து லயக் குடியிருப்பில் என் அம்மா பேசுகிற மாதிரி, நீ போட்டுப் பேசினேன். “ஒனக்கு வெக்கமா இல்லையா? ஒன் வீட்டுக்கு வந்து ஒன் முன்னுக்கே ஒக்காந்திருக்கேன், இதையா எனக்கு வாசிச்சுக் காட்டுவ? எத்தன பேர் வீட்ல ஒனக்காகத் தொண்ட கிழியப் பேசியிருக்கேன்? இப்ப எனக்குப் பேச வரல்ல, அதுக்காக அவர எடுத்துக்குவியா? விட்டுரு. முழுசாக் கேக்கல்ல. பாதி ஒடம்பு போதும். நடக்க வேணாம், பேச வேணாம், வீட்ல ஒரு கதிரையில இருந்தாப் போதும். விட்டுரு.” தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? வந்ததையெல்லாம் பேசினேன். டிரைவர் சிங்கள ஆள். நான் தன்னோடுதான் சண்டை பிடிக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கண்டி வாவிக்கரையில் அத்தனை வாகனத்துக்குள்ளும் புகுந்து புகுந்து ஓட்டினார். அழுது அழுது என் சேலை நெஞ்சு வரைக்கும் நனைந்திருந்தது.

நோயாளர்களைப் பார்க்கப் பன்னிரண்டு மணிக்குத்தான் விடுவார்கள். அப்போது ஒன்பது கூட ஆகவில்லை. வாசலில் நின்ற காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார். நான் சண்டை பிடிக்கவில்லை. சண்டை எல்லாம் ஆட்டோவிலேயே முடிந்துவிட்டிருந்தது. அவர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் மாத்தயா, நான் உள்ளே வரவில்லை என்றேன். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். உள்ளே போனில் பேசினார். கட்டில் இலக்கத்தைக் கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ரிசீவரை வைத்தார்.

“இன்னவா” என்றார்.

சிங்களத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட சொல். சந்தையில் கேட்டது, பஸ்ஸில் கேட்டது. அன்றைக்குத்தான் அதற்கு இவ்வளவு எடை இருக்கிறது என்று தெரிந்தது. வெளியே இருந்த சீமெந்து வாங்கில் உட்கார்ந்தேன். மூன்று மணிநேரம் அப்படியே இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. மனதில் ஒரு அமைதி இருந்தது. அவர் பிழைத்துவிடுவார் என்கிற நம்பிக்கையால் வந்த அமைதி இல்லை அது. சொல்ல வேண்டியதைச் சொல்லவேண்டிய ஆளிடம் கடைசியில் சொல்லியாயிற்று, அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனபோது அவர் கண்ணைத் திறந்திருந்தார். வாயில் குழாய். இடது கையைப் பிடித்தேன். “உங்கள நான் விடமாட்டேன், கேக்குதா?” என்று காதில் சொன்னேன். கண்ணின் ஓரத்தால் தண்ணீர் வழிந்தது. சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தால் எங்கள் லேன் வாசலில் பெரிய கூத்து. லைட் கம்பத்தில் வெள்ளைக் கொடி பாதி கட்டியபடி தொங்குகிறது. பூசையில் பின்னால் நின்ற யாரோ, பெயரை வாசித்ததோடு வெளியே போய்ச் செய்தியைப் பரப்பிவிட்டார்கள். நான் எழுந்து நின்று சொன்னது அந்த ஆளுக்குக் கேட்கவில்லை. சாவு வீடு என்று கொடி கட்ட இரண்டு பேர் ஏணியோடு வந்திருக்கிறார்கள். தாத்தா முக்காட்டை இழுத்துக்கொண்டு கம்பத்துக்குக் கீழே நின்று, “எறங்குங்க கீழ. மனுசன் இன்னும் மௌத்தாகல்ல, அதுக்குள்ள கொடியா? டீச்சர் வந்தா ஒங்களுக்குத்தான் கொடி கட்டணும்” என்று விரட்டிக்கொண்டிருந்தார். கலஹாவிலிருந்து என் கணவரின் தம்பி குடும்பம் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியது. பெண்கள் வெள்ளைச் சேலையில் இருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் எங்கள் ஹோலில் நிரம்பி உட்கார்ந்தார்கள். தாத்தா வீட்டிலிருந்து இரண்டு கேத்தல் பிளேன்டீ வந்தது.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். இரவெல்லாம் வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். “அண்ணே, ஒங்களுக்குக் கண்ணு தெரியுமா, தெரியாதா?” என்று தொடங்கினேன். பிறகு நிறுத்தவே இல்லை. உயிரோடு இருக்கிற மனுஷனைக் கொல்ல உங்களுக்கு ஒரு பேனை போதுமா என்றேன், கோயில் வேலையா இது என்றேன். நான் மூச்சு வாங்கியபோது அவர் மேசை லாச்சியைத் திறந்து, தேடி எடுத்து, என் கவரை மேசையில் வைத்தார். என் கையெழுத்து. என் கணவரின் பெயர், கெலிஓயா. மரித்தவர்களுக்காக என்ற வரிக்கு முன்னால், நான் பிள்ளைகளின் கொப்பியில் போடுகிற அதே வாலுள்ள சரி.

அந்தக் கவரை நான் வருஷத்துக்கு மூன்று முறை நிரப்புவேன். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, கூடப்பிறந்த அண்ணனுக்கு ஒன்று. இருபது வருஷமாக மூன்றாவது வரியைத் தவிர வேறு எதற்கும் நான் சரி போட்டதில்லை. என் வீட்டு ஆட்களுக்காக நான் பூசை கேட்டது அவர்கள் செத்த பிறகுதான். கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. கேள்வியை வாசிக்காமல் விடை எழுதுகிற பிள்ளைகளை எத்தனை பேரை வாங்கில் ஏற்றியிருப்பேன்.

“தெரிஞ்சுதான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன் டீச்சர். ராத்திரி ஏதும் நடந்திருக்கும், கேட்டா ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு ஒன்னும் கேக்கல்ல” என்றார் அலுவலக அண்ணன். என்னை நோகடிக்கக் கூடாது என்று பேசாமல் இருந்த மனிதரை அவ்வளவு பேச்சு பேசியிருக்கிறேன். “மன்னிச்சுக்கங்க அண்ணே” என்றேன். “அட விடுங்க. சார் எப்படி இருக்கார்?” என்றார். “இருக்கார்” என்றேன்.

அந்த வாரக் கடைசியில் காய்ச்சல் இறங்கியது. குழாயை எடுத்தார்கள். ஒரு மாதம் வார்டு, பிறகு வீடு. மகளுக்குப் பிள்ளை பிறந்து, அவரும் பேரனும் போனில் பார்த்துக்கொண்டார்கள். பேச்சு துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. முதலில் வந்த சொல் தண்ணி. இரண்டாவது சொல் என் பெயர் இல்லை, கிரிக்கெட். வலது கையும் காலும் வரவில்லை. வரும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவும் இல்லை. நான் கேட்ட பாதி உடம்பு அப்படியே கிடைத்திருந்தது. நான் விடியற்காலையில் எழுந்து, அவரைத் தூக்கி உட்கார வைத்து, கக்கூசுக்குக் கொண்டுபோய், கழுவி, குளிப்பாட்டி, உடுத்தி, கதிரையில் இருத்தி, சாப்பாடு ஊட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். பகலில் அவருடைய தம்பி மனைவி வந்து இருப்பாள். எனக்கு அது சுமையாகத் தெரியவில்லை. ஆள் இருக்கிறாரே என்கிற நன்றியில் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தேன். அவர் அந்த நேரம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

ஒருநாள் பின்னேரம் செபமாலை முடிந்தது. இப்போதெல்லாம் அவர் தூங்குவதில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். பூசையில் நடந்த கதையை முதல் தடவையாக அவருக்கு முழுதாகச் சொன்னேன். மூன்றாவது வரியில் சரி போட்டதைச் சொன்னேன், ஃபாதரின் முகத்தைச் சொன்னேன், வெள்ளைக் கொடியைச் சொன்னேன், தம்பி வீட்டு வேனைச் சொன்னேன். கோணிய வாயால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எச்சிலைத் துடைத்துவிட்டேன். பிறகு ஆட்டோவில் ஆண்டவரோடு பிடித்த சண்டையையும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“நானும்… கேட்டேன்” என்றார்.

“என்னத்தக் கேட்டீங்க?”

“அதே நாள்… ஐசியுல. எடுத்துக்கன்னு.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. தன் உயிரை எடுத்துக்கொள் என்று கேட்டிருக்கிறார். நான் பன்னிரண்டு மணிக்கு அவர் காதில் பேசியபோது வந்தது என்ன கண்ணீர் என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. அவர் விழுந்த நாளிலிருந்து அவர்மேல் நான் கோபப்பட்டதே இல்லை. அன்றைக்கு எல்லாம் சேர்த்து வந்தது.

“என்னைக் கேட்டீங்களா? ஒரு சட்ட வாங்கக்கூட என்னைக் கூட்டிக்கிட்டுத்தானே போவீங்க? இத மட்டும் என்னைக் கேக்காமப் போய் கேட்டீங்களா?”

அவர் தன் வலது கையைப் பார்த்தார். அது மடியில் கிடந்தது. இடது கையால் அதை எடுத்துக் கொஞ்சம் நேராக வைத்தார். பிறகு என்னைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“பாதி ஒடம்பு… போதும்னு… நீ… என்னைக் கேட்டியா?”

போதும் என்று சொன்னவள் நான். அந்தப் பாதியோடு விடிந்தால் எழுந்திருக்க வேண்டியவர் அவர். பிறகு கேட்டேன். “இன்னும் அதத்தான் கேக்கிறீங்களா?”

இல்லை என்று சட்டென்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். யோசித்துத்தான் சொன்னார்.

“காலையில… கேப்பேன். நீ கழுவுறப்ப. பின்னேரம்… கேக்க மாட்டேன்.”

நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் இடது கையை என் தலையில் வைத்திருந்தார். ஆண்டவரே, அவரைச் சுகப்படுத்தும் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. நேரம் போனதும் எழுந்து அவருக்குச் சாப்பாடு கொடுத்தேன்.

அடுத்த நாள் விடியற்காலை எழுந்ததும் தண்ணீர் வாளியை எடுக்கவில்லை. அவருடைய கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த உணர்ச்சியில்லாத வலது கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். “இப்ப கேளுங்க. எது வேணும்னாலும் கேளுங்க, நானும் இருக்கேன்” என்றேன். அவர் கண்ணை மூடினார். என்ன கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. என் பங்குக்கு நான், இன்றைக்கு இந்தக் காலைநேரத்தை இரண்டு பேருமாகத் தாண்ட வேண்டும் என்று மட்டும் கேட்டேன். பிறகுதான் எழுந்து தண்ணீர் சுட வைத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் செபம் காலையில்தான். பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிஷம் பிந்துகிறது, அதிபர் முகத்தைச் சுளிக்கிறார். சுளித்தால் சுளிக்கட்டும், அந்த நேரத்தில் என் கணவரைத் தனியாகக் கேட்க நான் விடமாட்டேன்.